லினக்ஸ் போட்ட கடையும் பெரிய வீட்டுக் கண்ணீர் அஞ்சலியும்

"சார், கோச்சுக்காதீங்க... நான் பழசையே திரும்பப் போட்டுக்கிட்டேன்."

போன வாரம் குரும்பலூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் நான் கால் வைத்ததும், கடைக்காரர் செல்வராணி சொன்னது இது. 'வாங்க சார்' என்பதுகூட அப்புறம்தான் வந்தது. என் வீட்டுப் பாத்திரத்தை இரவல் வாங்கி உடைத்துவிட்டவர் போல ஒரு முகம்.

எதைப் பழசு என்கிறார்? கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேரை. நான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொடுத்த லினக்ஸை எடுத்துவிட்டு, ஊரே வைத்திருக்கும் அந்த இன்னொன்றை — பெயர் வேண்டாம், உங்கள் வீட்டிலும் அதுதான் இருக்கும் — திரும்ப ஏற்றிவிட்டார். அதுவும் காசு கொடுத்து வாங்கியது அல்ல... கிராக் போட்ட திருட்டுக் காப்பி.

வழக்கமாக யாராவது இப்படிச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறும். உட்கார வைத்து ஒரு லெக்சர் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அன்றைக்கு "சரிம்மா" என்றேன். அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். கோபப்படாமல் சொல்ல முயற்சி செய்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் கட்டற்ற மென்பொருள் பிரச்சாரம். அது என்ன என்கிறீர்களா? யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். லினக்ஸ் அந்த வகைதான். உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து எழுதி, 'இந்தா, வைத்துக்கொள்' என்று கொடுத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒன்று நடக்கிறது என்பதே எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அந்த ஆச்சரியத்தை நாலு பேருக்குச் சொல்லலாம் என்று கிளம்பினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அரியலூரில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கெஞ்சி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டேன். நல்ல கூட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது — லேப்டாப் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். மென்பொருள் மட்டும்தான் என்றதும், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி...

"சார், இது ஃப்ரீங்கிறீங்க. நான் வெச்சிருக்கறதும் ஃப்ரீதானே? மெக்கானிக் சும்மாதான் போட்டுக் குடுத்தாரு."

அது திருட்டு என்றேன். "யாருகிட்ட சார் திருடினேன்? எனக்கு யாரையும் தெரியாதே" என்றார். மனிதர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நம் ஊரில் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுத்தவர் யாராவது இருந்தால்தானே, 'காசு வேண்டாம்' என்று சொல்வதற்கு ஒரு மரியாதை இருக்கும்!

இன்னொரு கதை. என் மனைவியின் தம்பி கீழப்பழுவூரில் இருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். பொங்கலுக்குப் போனால் காணோம். என்னடா ஆச்சு என்றேன்.

"பிரிண்டர் பாக்க மெக்கானிக் வந்தாரு மாமா. சிஸ்டமே கரப்ட் ஆயிருக்கு, வைரஸ் பிடிச்சு மூஞ்சியே மாறிப்போச்சுன்னு, ஃபார்மட் பண்ணிக் குடுத்துட்டாரு. நல்ல மனுஷன்... காசுகூடக் கேக்கல."

என் மனைவி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... "உங்க சாமி கண்ணுக்குத் தெரிஞ்சாலே பேய்னு ஓட்டிடுறாங்க பாருங்க" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தோல்விகள். செல்வராணி விஷயம் அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

செல்வராணி பெரம்பலூரில் ஒரு பிரஸ்ஸில் பல வருஷம் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தவர். பிறகு துணிந்து குரும்பலூர் மெயின் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டார். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ்... எல்லாம் உண்டு. ஃபிளெக்ஸை டிசைன் செய்வது மட்டும் இவர் வேலை. அடிக்கிற பெரிய மெஷின் பெரம்பலூரில், பத்திரிகையும் அடித்துத் தரும் குமார் என்பவரிடம் இருக்கிறது. ஃபைலை அனுப்பினால் அடித்து வண்டியில் ஏற்றிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கடைக்கும் இதுதான் முறை.

செல்வராணியின் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அப்பாவும் கூலிதான். அவர்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் கடை போட்ட முதல் ஆள் இவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெயின் ரோட்டில் கடை போட்டால் மட்டும் போதாது. மெயின் ரோட்டு ஆட்கள் உள்ளே வர வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். ஆதார் கார்டு பிரிண்ட் எடுக்க வருவார்கள். ஆனால் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று வீட்டுக் காரியமாக இருந்தால் டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், 'டவுன்ல ஒரு வேலை இருந்துச்சு, அப்படியே குடுத்துட்டு வந்துட்டேன்' என்பார்கள்.

"பெரிய வூடு ஒருதரம் வந்துட்டா போதும் சார். மத்தவங்க தானா வந்துடுவாங்க" என்று செல்வராணி என்னிடம் சொல்லியிருக்கிறார். பெரிய வீடு என்பது அந்த ஊரில் நிலமும் ரைஸ்மில்லும் வைத்திருக்கும் குடும்பம். செல்வராணியின் அம்மா நாற்று நட்டது அவர்கள் வயலில்தான்.

அந்தக் கடைக்கு நான் ஒருநாள் வீட்டு வரி ரசீது ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். செல்வராணி ஸ்கிரீனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எல்லா டிசைனும் போச்சு சார். எவனோ பூட்டிப்புட்டான். தொறக்கணும்னா டாலர்ல கட்டணுமாம்."

எட்டிப் பார்த்தேன். கிராக் காப்பியோடு கூடவே வந்த வைரஸ். வருஷக்கணக்காகச் செய்து வைத்திருந்த டிசைன்கள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அடுத்தவருக்கு என்ன தோன்ற வேண்டும்? வருத்தம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா... ஆகா, நல்ல சமயம்!

பையில் எப்போதும் லினக்ஸ் பென்டிரைவ் இருக்கும். வேலையை ஆரம்பித்தேன்.

செல்வராணி போல ஒரு மாணவரை நான் வகுப்பில் பார்த்ததில்லை. சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டார். டிசைன் செய்வதற்கும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. முதல் வாரம் தடுமாறினார். பிறகு என்னையே மிஞ்சிவிட்டார். "சார், இது ஹேங்கே ஆவ மாட்டேங்குது சார்! பழைய கம்ப்யூட்டரு, புதுசு மாதிரி ஓடுது" என்று போன் செய்தார். அன்றைக்கு நான் வீட்டில் ஆடாத ஆட்டம் இல்லை. அத்தனை தோல்விக்கும் சேர்த்து ஒரே ஆள், ஒரே கடை... போதாதா?

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. இவர் செய்யும் ஃபைல் குமாரின் கம்ப்யூட்டரில் திறக்காது. அதற்கும் வழி சொன்னேன். எழுத்துகளையெல்லாம் படமாக மாற்றி பிடிஎஃப்-ஆக அனுப்பினால், எந்த மெஷினிலும் அச்சு அசலாக வரும். வரவும் செய்தது. குமார்தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "அக்கா, ஓபன் ஃபைலா அனுப்புங்கக்கா" என்பார். திறந்து திருத்தக்கூடிய ஃபைலுக்கு அந்தத் தொழிலில் அப்படிப் பெயர். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அடிக்கிறவருக்குத் திருத்துகிற வேலை எதற்கு என்று நினைத்தேன்.

எதற்கு என்று ஃபிளெக்ஸ் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊர் ஃபிளெக்ஸ் எதுவும் ஒரே தடவையில் முடிவதில்லை. டிசைன் ஓகே என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பாதி வழியில் போன் செய்வார்கள். தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு. பெரியப்பா படம் சின்னதாக இருக்கிறது. துபாயில் இருக்கும் மச்சான் கோபித்துக்கொள்வான், அவனையும் சேருங்கள்... டிசைன் செய்த கடைக்குக்கூட இந்தப் போன் வராது. நேரே மெஷின்காரருக்குத்தான் போகும். அவர்தான் கடைசி நிமிஷத்தில் திறந்து, பெயரைச் சேர்த்து, குடும்பச் சண்டையைத் தவிர்த்து அடித்துக்கொடுப்பார். இது எனக்குத் தெரியவில்லை. எந்த மென்பொருள் கையேட்டிலும் இது எழுதியிருக்காது.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு நாள் காலையில் செல்வராணியிடமிருந்து போன். குரலில் ஒரு படபடப்பு.

"சார், பெரிய வூட்டு அய்யா தவறிட்டாரு. அவரு மவன் இப்பதான் கடைக்கு வந்துட்டுப் போனாரு. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸு எங்கிட்டதான் குடுத்திருக்காங்க சார்... எங்கிட்ட!"

சாவு வீட்டுச் சேதி. ஆனால் அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? தப்பாக நினைக்காதீர்கள். அந்தம்மா எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மகன் பெயர் ராமலிங்கம். அவசரத்தில் டவுனுக்குப் போய்வர நேரம் இல்லாததால் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். எப்படியோ, வந்துவிட்டார். படி ஏறி உள்ளே வந்து, "ஏம்மா, நல்லா பண்ணிக் குடு" என்று சொல்லியிருக்கிறார்.

செல்வராணி செய்த டிசைனை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்து அசந்துபோனேன். பெரியவரின் பழைய படம் ஒன்றைச் சுத்தம் செய்து, மாலையிட்டு நடுவில் பெரிதாக வைத்திருந்தார். கீழே துயரத்தில் வாடும் குடும்பத்தார், சின்னச் சின்னப் படங்களாக. பூ, விளக்கு என்று கண்டதையும் அள்ளிக் கொட்டாமல் அமைதியாக இருந்தது. டவுன் கடையில்கூட இவ்வளவு நன்றாக வராது. ராமலிங்கம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாராம். செல்வராணி பிடிஎஃப்-ஐ குமாருக்கு அனுப்பிவிட்டார்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அன்றைக்குக் குரும்பலூரில் மட்டும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. சாயந்திரம்தான் வரும்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சாவு வீட்டில் யாரோ ஒருவர் டிசைனை உற்றுப் பார்த்திருக்கிறார். குடும்பத்தார் வரிசையில் சித்தப்பா இல்லை. அதாவது, இறந்தவரின் சொந்தத் தம்பி! இதைவிட வம்பு வேறு வேண்டுமா? உடனே ராமலிங்கத்தின் வீட்டிலிருந்து சித்தப்பாவின் படத்தை நேரே குமாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இவர் பேரையும் போட்டோவையும் சேத்துடுங்க' என்று பெயரையும் சொல்லி வாய்ஸ் மெசேஜும் போட்டுவிட்டார்கள்.

குமார் பிடிஎஃப்-ஐத் திறந்து பார்த்தார். எழுத்தெல்லாம் படமாக இருக்கிறது. எந்த எழுத்திலும் கை வைக்க முடியவில்லை. செல்வராணிக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஒரு பேரு சேக்கணுமாம்."

"கரண்டு இல்லியேப்பா. சிஸ்டம் போட முடியாது. சாயந்தரம் ஆவுமே..."

"அதுவரைக்கும் பொணத்தை வெச்சிருப்பாங்களாக்கா? வுடுங்க, நானே புதுசாப் போட்டுக்கிறேன்."

அவரும் என்ன செய்வார்? வேறொரு சாவுக்கு அடித்த பழைய டிசைனைத் திறந்தார். செல்வராணியின் டிசைனைப் பார்த்துப் பெயர்களையெல்லாம் அவசர அவசரமாக டைப் செய்தார். மெஷின் சத்தத்தில் வாய்ஸ் மெசேஜ் பாதிதான் கேட்டது. சித்தப்பாவின் பெயர் காதில் விழுந்தது, கீழே சேர்த்துவிட்டார். படம்? சாவு வீட்டிலிருந்து படம் வந்தால் அது இறந்தவர் படமாகத்தானே இருக்கும்... அண்ணனும் தம்பியும் அதே மீசை, அதே வெள்ளைச் சட்டை. 'நல்ல கிளாரிட்டியான படம் அனுப்பியிருக்கிறார்கள்' என்று நினைத்து, தம்பியின் படத்தைத் தூக்கி நடுவில் பெரிதாக வைத்து, மாலையும் போட்டு, கீழே அண்ணனின் பெயரை அடித்து, வண்டியில் ஏற்றிவிட்டார்.

கொண்டுவந்து கட்டியவர்களும் கவனிக்கவில்லை. தெருமுனையில், பந்தல் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அண்ணனுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்த சித்தப்பா, நிமிர்ந்து பார்த்தார். உயிரோடு இருக்கும் மனிதர், தனக்கே கண்ணீர் அஞ்சலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம்.

அவர் மனைவிதான் மாரில் அடித்துக்கொண்டு அலறியிருக்கிறார். "எங்கூட்டுக்காரருக்கு மாலையப் போட்டுட்டாங்களே... உசுரோட இருக்கறவருக்கு மாலையப் போட்டுட்டாங்களே..." பறைச் சத்தம் நின்றுபோனதாம்.

செல்வராணி எனக்குப் போன் செய்தார். "வாங்க சார்" என்றார், திரும்பத் திரும்ப. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நான் கடைக்குள் நுழைந்து உட்காரவில்லை, அதற்குள் ராமலிங்கம் வந்துவிட்டார். கூடவே பங்காளிகள் நாலைந்து பேர்.

"உங்கிட்ட குடுத்தேன் பாரு... எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

செல்வராணி தன் போனை எடுத்து நீட்டினார். அவர் செய்த டிசைன், சரியான படத்தோடு அதில் இருந்தது. "பாருங்கய்யா, நான் சரியாத்தான் பண்ணி அனுப்பினேன். அங்கதான்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவங்கிட்ட கேட்டா, ஒன் ஃபைலைத் தொறந்து திருத்த முடியலங்கறான். ஊர்ல எல்லாரும் செய்யற மாதிரி ஒனக்குச் செய்யத் தெரியாதா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். ஐயோ, எதற்குத் திறந்தேன்! "அது ஃபைல் ஃபார்மட் பிரச்சினைங்க. இந்தம்மா பயன்படுத்தறது கட்டற்ற மென்பொருள். அந்தக் கடையில வேற கம்பெனியோட சாஃப்ட்வேர். ரெண்டும்..."

ராமலிங்கம் என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"சார், எங்கப்பா செத்துட்டாரு சார்" என்றார்.

இத்தனை வருஷப் பிரச்சாரத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அதுதான்.

அவர்கள் படியிறங்கும்போது, பங்காளி ஒருவர் எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, டவுனுக்கே போயிடலாம்னு. இதுக்கெல்லாம் இவங்ககிட்ட..." மீதியை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. செல்வராணி கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த கவுண்டரைத்தான் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் குமாரின் கடைக்குப் போனேன், ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று. அவர் என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொன்னார். சண்டை போட வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் பாதிச் சண்டை அங்கேயே போய்விடுகிறது.

"தப்பு என்னோடதுதான் சார். இல்லேங்கல. அந்தக்கா ஜோராப் பண்ணியிருந்துச்சு. ஆனா ஒரே ஒரு பேரைச் சேக்க நான் மொத்தத்தையும் மறுபடி போட வேண்டியதாப் போச்சு. ஓபன் ஃபைலா இருந்தா ஒரு நிமிஷ வேலை. படத்துல கையே வெச்சிருக்க மாட்டேன்."

"அதே சாஃப்ட்வேரை நீங்களும் போட்டுக்கலாமே? நான் வந்து போட்டுத் தர்றேன். இலவசம்தான்."

குமார் சிரித்தார். நல்ல மனிதர், கேலியாகச் சிரிக்கவில்லை.

"போட்டுட்டு? சுத்துவட்டாரத்துல எல்லாக் கடையும் எனக்கு அந்த ஃபைல்லதான் அனுப்பறாங்க. எம் மெஷின் ரிப்பேர்னா அரியலூருக்கு அனுப்பறேன், அவருகிட்டயும் அதான். அவருக்கு மேல திருச்சில இருக்கறவருகிட்டயும் அதான். நான் மாறினா அவரு மாறணும். அவரு மாறினா எல்லாரும் மாறணும். நடக்கற காரியமா சார்?"

நடக்காதுதான். ரோட்டில் எல்லோரும் இடது பக்கம் போகும்போது, வலது பக்கம்தான் நல்லது என்று ஒருவரை மட்டும் நம்பவைத்து நடு ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். அது எனக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் எப்போதும் என்ன சொல்கிறோம்? 'நீங்கள் மாறுங்கள், ஒவ்வொருவராக மாறினால் போதும்' என்கிறோம். முதலில் மாறுகிற ஒருவரின் கதி என்ன? அதைப் பற்றி எந்த முகாமிலும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று சும்மா கேட்டு வைத்தேன். "லைசென்ஸா? எதுக்கு சார்?" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். பழசையே போட்டுக்கொண்டதாகச் செல்வராணி சொன்னார், நான் 'சரிம்மா' என்றேன் அல்லவா... ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குமார்தான் நேரில் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் மறுபடி ஹேங் ஆக ஆரம்பித்துவிட்டது. ஒரு மவுஸ் கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவில் செல்வராணி ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து முடித்துவிடுகிறார்.

"திரும்ப வைரஸ் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்றேன். சும்மா இருக்க முடியவில்லை.

"வந்தா வரட்டும் சார். அது எல்லாருக்கும்தானே வருது."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லியேம்மா. நீங்க பண்ணதுதான் சரி."

செல்வராணி பேப்பரை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சரின்னு யாருகிட்ட சார் சொல்றது? நீங்க புதுசா ஒண்ணு செஞ்சு அது சொதப்பிக்கிச்சுன்னா, 'சாருக்கு எதுனா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்கணும்'னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. நான் செஞ்சு சொதப்பிக்கிச்சுன்னா, 'இவளுக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டரு'ம்பாங்க. அடுத்தவங்க மாதிரியே செஞ்சாத்தான் சார் நான் இந்த ரோட்டுல கடை வெச்சிருக்க முடியும். அவங்களவிட நல்லாச் செய்யலாம்னு பாத்தேன்... அதுதான் ஆவல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைத்துக்கொள்ள, எதையோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். பெரிய வீட்டிலிருந்து அதற்குப் பிறகு யாராவது வந்தார்களா?

"ஜெராக்ஸ் எடுக்கக்கூட வரல சார். அவங்க பாத்து மத்தவங்களும் நின்னுட்டாங்க. கருமாதிப் பத்திரிகையை டவுன்லதான் அடிச்சாங்க."

"டவுன்ல எங்க?"

"குமாரு கடையிலதான் சார்."

உயிரோடு இருந்தவருக்கு மாலை போட்ட அதே குமாரிடம்! கிளம்பி வண்டியில் வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரிடம் ஊரில் எல்லோரிடமும் இருக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் வேண்டிய மனிதர் வேறு.

அவர் செய்தால் அது வெறும் தப்பு... அவ்வளவுதான்.